பிச்சியின் பத்தியம்

ஜூன் 3, செவ்வாய்

எதைத் தொடங்கினாலும் முதலில் சுருக்கம் எழுதிக்கொள்வது கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்துப் பழக்கம். இனி எழுதப்போவது இவை:

1. பிச்சிக்கு வந்திருக்கும் நோயும் டாக்டர் சொன்ன பத்தியமும்.
2. பழைய சாப்பாட்டிலிருந்து புதியதற்கு மாற்றும் முறை.
3. பிச்சி சாப்பிட மறுத்தால் அதற்கான காரணங்கள்.
4. வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்பு.
5. பிச்சி புதுத் தீனிக்குப் பழகிவிட்டால் வீடு பழையபடி நடக்கும்.

ஐந்தாவது மட்டும் தலைப்பு அல்ல, முடிவு. சோதனைக்கு முன்பே முடிவை எழுதக்கூடாது என்று மாணவர்களைக் கண்டித்தவன் நான். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

பிச்சி எங்கள் வீட்டுப் பூனை. வெள்ளையில் சாம்பல் திட்டுகள். பன்னிரண்டு வயதாகிவிட்டது. சில வாரங்களாகத் தண்ணீர் மேல் தண்ணீர் குடித்தது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இன்று கால்நடை டாக்டர் நஸ்ரின் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் பெரும்பகுதி போய்விட்டது என்றார். போனது திரும்பாது, பத்தியம் இருந்தால் இன்னும் ஓரிரு வருடம் ஓடும். பாஸ்பரஸ் குறைந்த, பாக்கெட்டில் வரும் கிட்னித் தீனி மட்டுமே. மீன், கருவாடு, பால் எதுவும் ஆகாது. பாஸ்பரஸைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். அது ஒரு பூனையின் உடம்புக்குள் என்ன செய்யும் என்று இன்றுதான் கேள்விப்பட்டேன்.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "பட்டினி மட்டும் போட்டுராதீங்க சார். பசிச்சா தானா திங்கும்னு நாய்க்குச் சொல்லலாம், பூனைக்குச் சொல்லக் கூடாது. ரெண்டு நாள் வயிறு காஞ்சா ஈரல் கெட்டுரும்."

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன். பிச்சியைப் பார்த்து, உனக்குக் கிட்னி போய்விட்டது, இனி மீன் கிடையாது என்று சொன்னேன். அடுக்களை வாசலில் சலோமி நின்றிருந்தாள்.

"ஏட்டி பிச்சி, எத்தன நாளைக்குன்னு புரபசர்கிட்ட கேளு."

இனி எப்போதும் என்று பிச்சியிடம் சொன்னேன்.

சலோமி என் மனைவி. புரபசர் நான். எட்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் போய்வருகிறது. தண்ணீர் வந்தது, கேஸ் தீர்ந்தது, யார் வீட்டில் ஜெபக்கூட்டம், எல்லாம் பிச்சி வழியாகத்தான். வேறு யாராவது படித்தால் விநோதமாக இருக்கும். எங்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. சண்டையும் இல்லை.

பிச்சி இல்லாமல் போனால் யாரைப் பார்த்துப் பேசுவது என்று ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். எனவே பிச்சி சாப்பிட்டாக வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

முறை: பழையதில் முக்கால், புதியதில் கால். சில நாள் கழித்துப் பாதிப் பாதி. அப்படியே போய் முழுவதும் புதியது. சாப்பாடு வைப்பதை நானே எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் வைத்தது சலோமி. அவளுக்கு அளவு கிடையாது, கைக்கு வந்ததைப் போடுவாள்.

மிச்சமிருந்த அவித்த சாளையோடு புதுத் தீனியைப் பிசைந்து வைத்தேன். பிச்சி மீனை மட்டும் நக்கி எடுத்துவிட்டு, அந்தப் பழுப்பு உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவைத்தது. நான் கூட இவ்வளவு ஒழுங்காக எதையும் பிரித்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்வந்தோம். நான் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். திரும்பும்போது ஒரே ஆட்டோ.

பத்து மணிக்கு மேல் மீன்காரர் மொபெட்டில் வந்து ஹாரன் அடித்தார். பிச்சி ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்தது. சலோமி வெளியே போனாள். இனி இந்த வீட்டில் மீன் வாங்கப்போவதில்லை, இந்த வாசலில் ஹாரனும் அடிக்க வேண்டாம் என்று சொன்னாள். சாப்பாட்டில் மீன் இல்லாமல் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தவள் இல்லை அவள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள்.

"வீட்டுல யாருக்காவது சாமி நேர்ச்சையாக்கா?" என்று மீன்காரர் கேட்டார்.

"பூனைக்குப் பத்தியம். நாங்க சேந்து கிடக்கோம்."

மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பு. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். நான்காவது குறிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

சாப்பிடவில்லை. காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. தட்டிலெல்லாம் மண்.

ஜூன் 12, வியாழன்

இதுவரை செய்து பார்த்தவை: லேசாகச் சூடு காட்டுவது, மீசை இடிக்காத அகலத் தட்டு, வெந்நீர் விட்டுக் குழைப்பது, விரலில் தடவி மூக்கில் வைப்பது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தேன், எது வேலை செய்தது என்று தெரிய வேண்டுமே. எதுவும் வேலை செய்யவில்லை. பிச்சி தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது. மலத்தை மண் போட்டு மூடுவதற்குப் பூனைகள் செய்வது அது.

என் முறையில்தான் தவறோ என்று படுகிறது. சலோமி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பிச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியிடம் வேலை வாங்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். வீடு அமைதியாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி ஒரு நீர் ஏற்றினார்கள். குமட்டலுக்கு ஊசி. கிட்னி நோயில் வாந்தி உணர்வு இருந்துகொண்டே இருக்குமாம். அந்த நேரத்தில் வைக்கிற சாப்பாட்டைப் பூனை பிறகும் வெறுக்குமாம். இரண்டு மூன்று நாள் கொழுப்பில்லாத கோழியைக் கொடுத்துத் தேற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

முன்பு யார் சாப்பாடு வைப்பார்கள், எப்படி வைப்பார்கள் என்று டாக்டர் கேட்டார். என் மனைவிதான், வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள் என்றேன். என்ன பேசுவார்கள் என்றார். வீட்டு விஷயம் என்றேன். மேற்கொண்டு சொல்லத் தோன்றவில்லை.

மாலையில் ஜெமிமா போன் செய்தாள். எங்கள் மகள், ஓசூரில் இருக்கிறாள். சலோமி போனைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் பேசுவாள், எனக்கும் கேட்கும். எப்போம்மா வருகிறாய், பாப்பா உன்னைப் போனில் மட்டுமே பார்த்து வளர்கிறாள் என்றாள் ஜெமிமா.

"பிச்சிய விட்டுட்டு எப்படிட்டி வர? வேற யார் கையிலயும் அவ திங்க மாட்டா. கூட்டிட்டு வரலாம்னா மாப்ளைக்குப் பூனை முடி ஆகாது."

அப்பா இருக்கிறாரே என்று ஜெமிமா கேட்டாள். சலோமி சிரித்தாள்.

ஜெமிமா இங்கே வருவதில்லை. அதன் காரணத்தை எழுதப் போனால் தலைப்பிலிருந்து விலகிவிடும்.

ஜூன் 18, புதன்

ஒரு கண்டுபிடிப்பு. நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் கோழியோடு கால் பங்கு புதுத் தீனி கலந்து வைத்தேன். தொடவில்லை. நான் எழுந்துபோய்ப் பேப்பர் படித்தேன். சலோமி அதே தட்டை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஏட்டி பிச்சி, புரபசர்கிட்ட சொல்லு, மோட்டார் உறுமுது, ஆளக் கூப்பிடணும். பொறவு, பிரஷர் மாத்திரை தீந்துட்டு, தானா ஞாபகம் வருமான்னு பாத்தேன், வரல. சட்டையில பட்டன் இல்லாமலே சர்ச்சுக்கு வந்தாரு, நாலு பேரு பாத்தாங்க."

அவள் பேசப் பேசப் பிச்சி தின்றுகொண்டிருந்தது. உருண்டைகளையும் சேர்த்து. அவள் நிறுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி பேசினாள், மறுபடி குனிந்தது.

சாயங்காலம் சோதித்தேன். நான் பேசாமல் வைத்தேன், தொடவில்லை. அவள் பேசிக்கொண்டு வைத்தாள், தின்றது. எட்டு வருடமாக இந்தப் பூனை எங்கள் செய்திகளைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறது. பேச்சு இல்லாத தட்டு அதற்குச் சாப்பாடாகவே தெரியவில்லை. மூன்றாவது குறிப்புக்குப் பதில் கிடைத்தது.

ஆனால் சலோமி பெண்கள் சங்கத்துக்குப் போகிறாள், முட்டுவலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சின்னச் சின்னதாக அடிக்கடி வைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எனவே நானும் பேசியாக வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

என்ன பேசுவது என்று தெரியவில்லை. வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறேன், ஆனால் குறிப்பு கையில் இருக்கும். தனிம அட்டவணையிலிருந்து ஆரம்பித்தேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். பிச்சி காதை ஒரு பக்கம் திருப்பியது. இரண்டு வாய் தின்றது.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஏட்டி, அட்டென்டன்ஸ் எடுக்காரா? உள்ளேன் ஐயான்னு சொல்லு."

நான் நிறுத்திவிட்டேன். பிச்சியும் நிறுத்திவிட்டது.

ஜூன் 25, புதன்

தனிமங்கள் ஒத்துவரவில்லை. செய்தித்தாள் வாசித்தேன், அதற்கும் இரண்டு வாய்தான். மனிதர்களைப் பற்றிச் சொல்கிறபோது குரல் வேறாகிவிடுகிறது போலும். அதைத்தான் பூனை கேட்கிறது. வாத்தியாராக இருந்த என் அண்ணன் ஒரு மாணவனை அடித்துவிட்டு மருந்து போடக் கூட்டிப்போன கதையைச் சொன்னேன். கால் தட்டு காலி.

ஜூன் 29, ஞாயிறு

பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன். சலோமி அடுக்களையில் மிக்ஸியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் தைரியம் வந்ததோ என்னவோ, அண்ணன் பேச்சையே தொடர்ந்தேன்.

அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தார். இந்த வீட்டுக்கு இடம் பார்த்ததும் அவர்தான். எட்டு வருடத்துக்கு முன் ஜெமிமா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டபோது, இதே கூடத்தில் சாப்பிட உட்கார்ந்து, அவள் இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அண்ணன் சொன்னார். நான் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு சலோமி கேட்டாள், நம் பிள்ளை வரலாமா கூடாதா, நீங்கள் சொல்லுங்கள் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஒருவர் யோசிக்க நேரம் கேட்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் போன வருடம் காலமாகிவிட்டார். ஆகவே இப்போது யாரிடம் கேட்டுவிட்டுச் சொல்வது என்பது தெளிவாக இல்லை.

இதையெல்லாம் பிச்சியிடம் சொன்னேன். வாயில் வந்தது, சொன்னேன். நடுவில் மிக்ஸி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிச்சி முக்கால் தட்டு தின்றது. முறை வேலை செய்கிறது.

ஜூலை 4, வெள்ளி

முக்கால் பங்கு புதியது.

இன்று சொன்னது: ஒருமுறை விடைத்தாள் திருத்தச் சேலம் போயிருந்தபோது ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாப்பா பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வைத்திருந்தேன். டிரைவர் வந்து வண்டியை எடுத்ததும் இறங்கிவிட்டேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்தால் ஜெமிமா முதலில் என்ன கேட்பாள், அதற்கு நான் என்ன சொல்வது என்று தீர்மானிக்க முடியவில்லை. கிலுகிலுப்பையை ஓட்டல் அறையில் விட்டுவந்தேன்.

சலோமி முறத்தோடு வாசலில் நின்றிருந்தாள். அரிசியில் கல் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். முறத்தில் ஒன்றும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிச்சியின் தட்டைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

சலோமி நாசரேத்தில் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் பிச்சியை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் தட்டைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, நான் இல்லாமலே தின்னியா?"

நன்றாகத் தின்றது என்று பிச்சியிடம் சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை நம்பி விட்டுப்போயிருக்கிறாள்.

ஜூலை 19, சனி

இரத்தப் பரிசோதனை. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இறங்கியிருக்கிறது. எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இவ்வளவு பிடிவாதமான பூனையை இந்தத் தீனிக்குக் கொண்டுவந்ததே பெரிய விஷயம் சார் என்றார் டாக்டர். நான் முறைகளை விளக்கினேன்.

சலோமி டாக்டரிடம் கேட்டாள்: "அவரு ஒருத்தரே பாத்துக்கிட முடியுமா டாக்டர்?"

"இப்பவும் அவர்தானே பாத்துக்கிட்டு இருக்காரு."

என் எதிரில் அவள் என்னைப் புரபசர் என்று சொல்லாமல் அவரு என்று சொன்னது நீண்ட காலத்துக்குப் பின் இதுதான் முதல் முறை. திரும்பும்போது ஆட்டோவில் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

இப்போது முழுக்க முழுக்கப் பத்தியத் தீனி. நான் பேசினால் போதும், என்ன பேசினாலும் தின்கிறது. சில நேரம் நான் வாயைத் திறக்குமுன்பே வந்து மடியருகே உட்கார்ந்துகொள்கிறது.

சலோமியும் சுறுசுறுப்பாக இருக்கிறாள். மாடியில் வத்தல் காய்கிறது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பாட்டில் பாட்டிலாகச் செய்து பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். என் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்துவிட்டாள். மழைக்காலத்துக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது, வீடு பழையபடி நடக்கும் என்பது, நிறைவேறியது என்று எழுதலாமா? அவசரம் வேண்டாம். ஒரு வாரம் பார்ப்போம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து பிச்சிக்கு வைத்துக்கொண்டிருந்தேன். சலோமி வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் நாளைக்கு ஜெமி வீட்டுக்குப் போறேன். இனி அங்கதான் இருக்கப்போறேன்."

நான் பிச்சியைப் பார்த்தேன்.

"பூனையப் பாக்காதீங்க. உங்ககிட்டதான் சொல்லுதேன்."

நீங்க என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

இத்தனை வருடம் இங்கே இருந்தது பிச்சிக்காகத்தான் என்றாள். வேறு யார் கையிலும் தின்னாத உயிரை விட்டுப் போக மனசு வரவில்லை. இப்போது என் கையில் தின்கிறது. அவள் கோபமாகப் பேசவில்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க இதுகிட்ட பேசுனதெல்லாம் கேட்டேன். கிலுகிலுப்பைக் கதைய நான் எட்டு வருசத்துல கேக்கல, பூனை கேட்டிருக்கு. நல்லாத்தான் பேசுதீங்க. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிட்டு. கேட்டுட்டு, சரி, இன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஒரு மாசமா நின்னு பாத்துட்டேன்."

பிச்சி தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போகாதன்னு சொல்லுங்க, இல்ல நானும் வாரேன்னு சொல்லுங்க. பிள்ளைய இங்க வரச் சொல்லுன்னாவது சொல்லுங்க. எதுனாலும் கேக்கேன்."

காத்திருந்தாள். வெளியே காற்று கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. மூன்றில் எதைச் சொல்வது என்று நான் யோசித்தேன். மூன்றும் சரியாகவே பட்டன. மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் கண்ணை நிறுத்த முடியவில்லை, அது வழுக்கிக் கீழே வந்துவிட்டது.

"பிச்சி, பத்திரமா போயிட்டு வரச் சொல்லு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

சலோமி குனிந்து பிச்சியின் தலையைத் தடவினாள். "தின்னுட்டி" என்று அதனிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாலை ரயில். ஆட்டோ வந்தது. பெட்டியை நான்தான் வாசல்வரை தூக்கிப்போனேன். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸுக்கு யாருக்குப் போன் செய்வது என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் நேராகவே சொன்னாள், வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் அடுத்துக் குடிவருகிறவரிடம் சொல்வதுபோல. நான் தலையாட்டினேன். ஆட்டோ திருப்பத்தில் மறைந்த பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் என்ன சார் என்று கேட்டார்.

இருட்டுமுன் பிச்சிக்கு வைத்தேன். என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. நிறையச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தின்றது. ஒரு உருண்டைகூட மிச்சமில்லை, தட்டை நக்கிச் சுத்தமாக்கிவிட்டு என் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். முதல் நான்கும் சரி. ஐந்தாவது தவறு.